பூனை வளர்க்கும் வீட்டில் ஆர்க்கிட் வைக்கலாமா?

மே மாத மலர்க் கண்காட்சி முடிந்து, புதுப் பூந்தொட்டிகள் வீடுகளுக்கு வந்து சேரும் நாட்களில், குன்னூரில் கால்நடை மருத்துவராக இருக்கும் என்னிடம் தவறாமல் வரும் கேள்வி இது: "டாக்டர், பூனை ஆர்க்கிட் இலையைக் கடிச்சிடுச்சு, ஒண்ணும் ஆகாதுல்ல?"

கடைகளில் அதிகம் விற்கும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் என்றால், அது பூனைக்கு நஞ்சல்ல என்று தயக்கமின்றிச் சொல்வேன். அமெரிக்காவின் விலங்கு நல அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ. வெளியிட்டுள்ள செடிப் பட்டியலும் அதையே சொல்கிறது. தடித்த இலையை நிறைய மென்று விழுங்கினால் பூனை ஓரிரு முறை வாந்தி எடுக்கலாம். புல்லைத் தின்றாலும் அப்படித்தான் எடுக்கும். செடியைவிட, அதற்கு நாம் போடுபவற்றையே நான் அதிகம் விசாரிப்பேன். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் உரத் தண்ணீரையும் பூனை நக்கிக் குடிக்கும். மழைக்காலத்தில் நத்தைக்காகத் தூவும் மெட்டால்டிஹைடு குருணையோ, நடுக்கமும் வலிப்பும் வரவைத்து உயிரையே எடுத்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா சோர்ந்து கிடந்த பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று நாட்களாகச் சாப்பிடவில்லை, ஆர்க்கிட்டைக் கடித்ததுதான் காரணம் என்றார். அவர் காட்டிய படத்தில் ஆர்க்கிட் தொட்டிக்கு அருகிலேயே, கல்யாண வீட்டிலிருந்து வந்த லில்லியம் என்னும் லில்லிப் பூங்கொத்து இருந்தது. பூனையின் கழுத்து மயிரில் செம்பழுப்பு நிற மகரந்தம் ஒட்டியிருந்தது. சிறுநீரகம் பழுதானதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் மிக உயர்ந்திருந்தது, சிறுநீர் நின்றுபோயிருந்தது. எவ்வளவு முயன்றும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

நீலகிரியின் பசுமைக்குடில்களில் லில்லியம் விளைவதால், இங்கு அது எளிதாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதன் எல்லாப் பாகங்களும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். பூவைத் தின்ன வேண்டும் என்பதுகூட இல்லை. உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் ஆபத்துதான். சில மணி நேரத்தில் வாந்தியும் எச்சில் ஒழுகலும் தொடங்கும். பிறகு பூனை தேறியதுபோலத் தோன்றும். அதை நம்பி வீட்டார் காத்திருக்கும்போதே, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடுகிறது. ஹெமரோகாலிஸ் என்னும் பகல் லில்லியும் இதே கேட்டைச் செய்யும். நம் மலைச்சரிவுகளில் தானாகப் பூக்கும் வெள்ளை நீலகிரி லில்லியும் லில்லியம் இனமே என்பதால், அதைப் பறித்து வீட்டுக்குள் வைக்காதீர்கள். சதுப்புகளில் மண்டிக்கிடக்கும் காலா லில்லியும், பீஸ் லில்லியும் பெயரில் மட்டுமே லில்லி; அவற்றைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும், சிறுநீரகம் கெடாது. செங்காந்தளில் இருப்பது கொல்ச்சிசின் என்னும் வேறு நஞ்சு; அதுவும் உயிர்க்கொல்லியே.

லில்லியத்துக்கு மாற்று மருந்து கிடையாது. நஞ்சு உள்ளே போன 18 மணி நேரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கி, இரண்டு மூன்று நாட்கள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் பெரும்பாலும் பிழைக்க வைத்துவிடலாம். உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். அது தனியாக ஒரு கேட்டை உண்டாக்கும். மயிரில் ஒட்டிய மகரந்தத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, செடியின் ஒரு கிளையையோ படத்தையோ எடுத்துக்கொண்டு, பூனை தெளிவாகத் தெரிந்தாலும் உடனே புறப்படுங்கள். மூடுபனியில் மலைப்பாதை வழியே மருத்துவமனைக்கு வந்துசேரும் நேரமும் அந்த 18 மணி நேரத்துக்குள்தான் அடங்க வேண்டும்.