பெயரை மாற்றினால் படம் ஓடாது

கல்யாண ஆல்பத்தோடு பென்டிரைவும் சேர்த்துக் கொடுத்த காலம் போய், இப்போது ஸ்டுடியோக்காரர்கள் வீடியோவுக்கு டிரைவ் லிங்க் அனுப்பிவிடுகிறார்கள். இறக்கி டிவியில் போட்டால் படம் வருவதில்லை; இல்லையென்றால் படம் வருகிறது, நாதஸ்வரம் கேட்பதில்லை. உடனே வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒன்று "எம்கேவியை எம்பி4 ஆக்கினால் ஓடும்" என்று சொல்லி, கிடைத்த இலவச கன்வெர்ட்டரில் போட்டு 9 ஜிபி ஃபைலை 700 எம்பி ஆக்கிவிடும். இடத்தை அடைக்கிறதென்று மூல ஃபைலையும் அழித்துவிடும். ஸ்டுடியோ லிங்க்கை எடுத்த பிறகுதான் சர்வீஸுக்கு வருகிறார்கள்: "முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியுது, சரிபண்ண முடியுமா சார்?"

முடியாது. போனது போனதுதான்.

எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இது. எம்கேவி, எம்பி4 எல்லாம் வெறும் உறை. அதற்குள் காட்சி ஒரு கோடெக்கில் (சுருக்கி வைத்து, ஓட்டும்போது விரிக்கிற முறை) இருக்கும், ஒலி இன்னொரு கோடெக்கில் இருக்கும், சப்டைட்டில் தனியாக இருக்கும். எச்.265 என்ற கோடெக்கில் இருக்கும் ஒரே காட்சியை எம்கேவியிலும் வைக்கலாம், எம்பி4-இலும் வைக்கலாம். உங்கள் டிவிக்கு எச்.265 தெரியாதென்றால் இரண்டிலும் ஓடாது. ஃபைல் பெயரின் கடைசியில் எம்கேவி, எம்பி4 என்று வருகிற எக்ஸ்டென்ஷனை மட்டும் திருத்துவது, ஊறுகாய் ஜாடியில் 'தேன்' என்று எழுதி ஒட்டுகிற வேலை. "நான் மாத்தினேன், ஓடுச்சே" என்பவர்களுக்கு: எக்ஸ்டென்ஷனைப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்கிற பிளேயர் அது. பெரும்பாலும் பழைய பெயரிலேயே ஓடியிருக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறதென்று பாருங்கள். விஎல்சியில் படத்தை ஓடவிட்டு கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கோடெக் விவரம் வரும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இன்னும் தெளிவாகச் சொல்லும். காட்சியின் கோடெக், அது 8 பிட்டா 10 பிட்டா (நிறத்தின் நுணுக்கம்), 4:2:0-வா 4:2:2-வா (நிற விவரம் எவ்வளவு வைத்திருக்கிறது என்பது), ஒலியின் கோடெக். இவ்வளவு தெரிந்தால் போதும்.

படம் சரி, ஒலி மட்டும் இல்லை என்றால் காட்சியில் கை வைக்கவே வேண்டாம். டிஸ்க்கிலிருந்து எடுத்த பல படங்களில் டிடிஎஸ் என்ற கோடெக்கில் ஒலி இருக்கும். 2018-லிருந்து வந்த சாம்சங் டிவிகளில் டிடிஎஸ் கிடையாது. கேமராவிலிருந்து நேரே வந்த கிளிப்களில் சுருக்காத பிசிஎம் ஒலி இருக்கும், சில டிவிகள் அதையும் எடுப்பதில்லை. அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, வீடியோ அவுட்புட்டை 'காப்பி' என்றே விட்டு, ஆடியோ அவுட்புட்டில் ஏசி3 என்ற ஒலி கோடெக், அவுட்புட் ஃபார்மட்டில் எம்கேவி மக்ஸர் தேர்ந்தெடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். காட்சி ஒரு துளியும் கெடாது. வேலையும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

லேப்டாப்பில் படம் திக்கித் திக்கி ஓடுகிறதா? பலரும் பென்டிரைவைத்தான் திட்டுகிறார்கள். 4கே படமே நொடிக்கு 80 மெகாபிட் என்றால் 10 மெகாபைட்தான். சுமாரான யூஎஸ்பி 2.0 பென்டிரைவே அதைத் தாங்கும். தாங்காதது பெரும்பாலும் பிராசசர். இன்டெல்லில் 6-ஆம் தலைமுறைக்கு 8 பிட் எச்.265 வரைதான் வன்பொருள் உதவி (படத்தை விரிக்க சிப்பிலேயே இருக்கும் தனிப் பகுதி) உண்டு. 10 பிட்டுக்கு 7-ஆம் தலைமுறையாவது வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து 'வீடியோ டிகோட்' கோட்டைப் பாருங்கள். அது தரையில் கிடக்க, சிபியு 100-ஐத் தொட்டால் உங்கள் லேப்டாப்புக்கு இந்த ஃபைல் அதிகம். மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற பிரீசெட்டை எடுத்து, எச்.265-க்கு முந்தைய எச்.264-இல் ஒரு பிரதி போடுங்கள். குவாலிட்டி எண் 22-இல் இருக்கும். 20 ஆக்கினால் ஃபைல் பெருக்கும், படம் இன்னும் தெளியும்.

கோடெக்குகளை மொத்தமாக நிறுவுகிற 'கோடெக் பேக்' எதுவும் இறக்காதீர்கள். விஎல்சி தன் கோடெக்குகளைத் தன்னோடே கொண்டுவருகிறது, வெளியே நீங்கள் நிறுவுவதை அது திரும்பியும் பார்க்காது. "இந்த வீடியோவைப் பார்க்க இதை நிறுவுங்கள்" என்று ஏதாவது வந்தால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். விண்டோஸ் 11-இன் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ'வுக்குள் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இன்றைக்கே டிக் செய்யுங்கள். அதைச் செய்யாவிட்டால் கடைசியில் எம்கேவி.இஎக்ஸ்இ என்று முடிகிற வைரஸ் உங்கள் கண்ணுக்கு எம்கேவி என்றுதான் தெரியும். இரண்டு மணி நேரப் படம் 3 எம்பி இருந்தாலே சந்தேகம் வர வேண்டாமா?

அடுத்தது பென்டிரைவ். 64 ஜிபி காலியாக இருந்தும் 9 ஜிபி ஃபைல் ஏறவில்லை என்றால் அது ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ்ஸுக்கு ஃபார்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்பதால் முதலில் எடுத்து வையுங்கள். பழைய டிவிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது, கையேட்டைப் பாருங்கள். 500 ரூபாய்க்கு 2 டிபி என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே சிறிய சிப்பை வைத்து, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். காப்பி ஆனதாகவே காட்டும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச கருவி முழுக்க எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். நல்ல பென்டிரைவானாலும் அது பார்க்கத்தான், பாதுகாக்க அல்ல. திருமண வீடியோவுக்கு வன்தட்டில் ஒரு பிரதியும், வேறு இடத்தில் இன்னொன்றும் வேண்டும்.

ஸ்டுடியோ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 10 பிட் 4:2:2-இல் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே குடும்பத்திடம் கொடுத்தால் பெரும்பாலான டிவிகளில் ஓடாது. 1080பி, எச்.264, 8 பிட் 4:2:0, ஏஏசி ஒலி, நொடிக்கு 12 முதல் 15 மெகாபிட் என்று எம்பி4-இல் ஒரு பிரதியும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு 'டிவிக்கு' என்றே பெயர் வையுங்கள்.