வின்ச்சில் போன கட்டைவிரல்: ஏஐ சொன்ன தொகை சரியா?

தொண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கி அண்ணனுக்கு வலது கட்டைவிரல் போய்விட்டது. வயது 40. ஏஐ கணிப்பான் 4,97,259 ரூபாய் என்கிறது. அதை நம்பிப் பேசலாமா?"

பெருக்கல் சரிதான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த கணக்கு அது. மாத ஊதியத்தில் (2020 முதல் உச்சவரம்பு 15,000) 60 சதவீதம் 9,000. 40 வயதுக்கான காரணி 184.17; வயது ஏற ஏற இது குறையும். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்கிறது சட்டத்தின் அட்டவணை. மூன்றையும் பெருக்கச் சாதாரண கால்குலேட்டரே போதும்.

ஆனால் அந்த 15,000 எங்கிருந்து வந்தது? பங்குக்குக் கடலுக்குப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்டுப் பங்கு 1,20,000 என்றால், 12 மாதத்தால் வகுத்தால் 10,000. தொழில் நடந்த 10 மாதத்தால் வகுத்தால் 12,000. "இவர் தொழிலாளி இல்லை, பங்காளி" என்று உரிமையாளர் வாதிட்டால் அது தனி வழக்கு.

அப்புறம் அந்த 30 சதவீதம். கட்டைவிரலின் அடிமூட்டு குதிரைச் சேணம் போன்றது. ஓர் எலும்பின் வளைவில் இன்னோர் எலும்பு குறுக்காக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் கட்டைவிரல் முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைவதோடு, சற்றே திரும்பி மற்ற நான்கு விரல்நுனிகளையும் நேருக்கு நேர் தொடுகிறது. என்ன அழகான அமைப்பு! வலை ஊசியைப் பிடிப்பதும், கண்ணிக்குக் கண்ணி முடிச்சை இறுக்குவதும், ஈரக் கயிற்றை வழுக்காமல் பற்றுவதும் இந்தத் திருப்பத்தால்தான். அது போனால் மீதி நான்கு விரல்களும் வெறும் கொக்கிதான்.

கடையில் கணக்கு எழுதுபவருக்கும் அட்டவணை 30 என்றே சொல்கிறது. ஆனால் இருவரும் இழந்த சம்பாதிக்கும் திறன் ஒன்றா? இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை முடியாது என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் 100 சதவீத இழப்பையே ஏற்றது.

ஏஐ இந்த வித்தியாசத்தை ஊகிக்க முயன்றாலும், படித்த எழுத்துகளில் எது அதிகமோ அதன் பக்கமே சாயும். மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மீன்வரத்தை அளக்கச் செலவிடுவது போல, ஏஐ படிக்கும் எழுத்துகளில் மீனவரும் இடம்பெற, அவர்களின் காயங்களைப் பதியவும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போதைக்கு, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அண்ணனை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வலை ஊசியையும் எடுத்துப் போங்கள். மருத்துவர் முன்னால் முடிச்சுப் போடச் சொல்லி, எதெல்லாம் முடியவில்லையோ அதைச் சான்றிதழில் எழுதி வாங்குங்கள்.