காந்தமும் மகரந்தமும் சொன்ன வயது

2013 மே மாதம். இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் உள்ள ஹேஸ்பரா என்ற ஊரில் அலைகள் மேல்மணலை அரித்துக்கொண்டு போக, அடியில் கெட்டிப்பட்டிருந்த பழைய ஆற்றுச் சேறு வெளியே தெரிந்தது. அதில் நீளநீளமாகப் பள்ளங்கள். பல கோணங்களில் படமெடுத்து, கணினியில் முப்பரிமாண உருவமாக்கிப் பார்த்தபோது அவை மனிதக் காலடிகள் என்று உறுதியானது. மொத்தம் ஐம்பது போல இருந்தன. முழுதாக அளக்க முடிந்தவை 12. பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஐந்து பேர் நடந்திருக்கலாம். இரண்டே வாரத்தில் கடல் அத்தனையையும் கரைத்துவிட்டது.

வயது 8.5 முதல் 9.5 லட்சம் ஆண்டுகள் என்றார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை இவ்வளவு பழைய காலடி கிடைத்ததில்லை. சரி, காலடி வெறும் பள்ளம்தானே, அதற்கு எப்படி வயது சொல்வது? உயிர்ப்பொருளில் மிஞ்சிய கார்பனை அளந்து வயது சொல்லும் முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் உதவாது. அதனால் சுற்றியிருந்த சேற்றைத்தான் விசாரித்தார்கள்.

சேற்றில் இரும்புத் தாதுத் துகள்கள் உண்டு. தண்ணீரில் மெல்லப் படியும்போது அவை குட்டித் திசைகாட்டிகள் மாதிரி அன்றைய பூமிக் காந்தப்புலத்தின் திசைக்குத் திரும்பி, அப்படியே உறைந்துவிடும். ஹேஸ்பராவில் அவை இன்றைய வடக்குக்கு நேரெதிராக நின்றன. பூமியின் காந்தம் கடைசியாகத் தலைகீழானது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. ஆக, சேறு அதற்கும் மூத்தது. எவ்வளவு மூத்தது? இங்கே காந்தம் கைவிட்டுவிடும். பின்னாளில் அழிந்துபோன தென்திசை மாமூத் யானை உள்ளிட்ட விலங்குகளின் எச்சமும், வட ஐரோப்பாவிலிருந்து பிறகு மறைந்த மரங்களின் மகரந்தமும் சேற்றில் இருந்தன. இவையெல்லாம் எந்தக் காலத்தில் சேர்ந்து வாழ்ந்திருக்க முடியும் என்ற கணக்குதான் பத்து லட்சத்துக்குள் எல்லை போட்டது. எனக்குக் காந்தத்தைவிட இந்தப் பகுதிதான் சுவாரசியம்.

பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களின் மகரந்தமும் வண்டுகளின் ஓடுகளும் அன்றைய பருவநிலையையும் காட்டிக்கொடுத்தன: கோடை இன்று போலவே, குளிர்காலம் இன்றைவிடக் கடுமை. பிரிட்டன் அப்போது தீவு அல்ல. நிலவழியே நடந்தே வந்திருக்கிறார்கள். அதே இடத்தில் அவர்களுடைய சக்கிமுக்கிக் கல் கருவிகள் கிடைத்தன, மனித எலும்பு கிடைக்கவில்லை. ஸ்பெயினின் அட்டாபுவெர்காவில் எலும்பு கிடைத்த ஹோமோ அன்டிசெஸர் என்ற பழைய மனித இனமாக இருக்கலாம் என்பது ஊகம்தான்.

தீ மூட்டிய தடயமும் இல்லை. குளிருக்குத் தெற்கே போய்த் திரும்பியிருப்பார்கள் என்று ஒரு கருத்து உண்டு. பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஆண்டுதோறும் அவ்வளவு தூரமா? தோல் போர்த்தி அங்கேயே சமாளித்தார்கள் என்பதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது, ஆனால் தோல் மக்காமல் அத்தனை லட்சம் ஆண்டு தாங்காதே.