ஒரு கோடும் இரண்டு கோணமும்: கிண்டியின் முதல் பாடம்

கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-ல் தொடங்கியபோது அது கல்லூரியும் இல்லை, கிண்டியிலும் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் நடந்த நில அளவைப் பள்ளி அது. எட்டே மாணவர்கள்.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம், திண்டுக்கல் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்திருந்தன. வரி போட வேண்டுமென்றால் நிலம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அளக்க ஆள் இல்லை. இங்கேயே பையன்களைப் பழக்கிவிடலாம் என்றார் மைக்கேல் டாப்பிங். மதராஸ் வானாய்வகத்துக்கு அடிபோட்டவரும் அவர்தான். கல்வித் தொண்டு என்று யாரும் கண் கலங்க வேண்டாம், கம்பெனிக்குக் குறைந்த சம்பளத்தில் ஆள் தேவைப்பட்டது.

அளப்பதில் என்ன பெரிய வித்தை? சங்கிலி பிடித்துக்கொண்டே போனால் போதாதா? ஆறும் குன்றும் குறுக்கே வரும். வெயில் வேறு. நூறடி எஃகுச் சங்கிலி 10 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். அது ஒன்றுமில்லைதான். ஆனால் 12 கிலோமீட்டருக்கு அதே சங்கிலியை 400 தடவை போட வேண்டும். பிழை ஏறத்தாழ ஒன்றரை மீட்டராகிவிடும்.

அதனால் ஒரே ஒரு கோட்டை மட்டும் உயிரைக் கொடுத்து அளப்பார்கள். 1802-ல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அளந்தது அப்படிப்பட்ட கோடு, கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். சங்கிலியோடு வெப்பமானியும் வைத்து, நீட்சியைக் கணக்கிட்டுத் திருத்தினார். பிறகு கோட்டின் இரு முனைகளிலும் நின்று, தொலைவில் தெரியும் ஒரு குன்றையோ கோபுரத்தையோ தியோடலைட் என்ற கோணமானிக் கருவியில் பார்த்துக் கோணம் எடுப்பார்கள். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டு பக்கங்களையும் முக்கோணக் கணிதத்தின் சைன் விதி தந்துவிடும். அந்தப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. சங்கிலியைத் தொடாமலே நாட்டின் குறுக்கே போய்விடலாம்.

இதில் ஒரு குசும்பு உண்டு. பக்கத்துக்கு 50 கிலோமீட்டர் உள்ள முக்கோணத்தில் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைவிட ஐந்தரை விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு) கூடுதலாக வரும். பூமி உருண்டை அல்லவா!

லாம்டனின் உதவியாளரான ஜோஷுவா டி பென்னிங் அந்த மதராஸ் பள்ளியில் பயின்றவர். லாம்டனின் தியோடலைட்டோ அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து மோதியது. வளைந்த பித்தளை வட்டத்தை லாம்டனே வாரக்கணக்கில் உட்கார்ந்து நிமிர்த்தினார்.

பள்ளி 1859-ல் கல்லூரியாகி, புதிதாகப் பிறந்திருந்த மதராஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 1894-ல் இயந்திரவியல் வந்தது, 1920-ல் ஜாகை கிண்டிக்கு மாறியது.

இன்றும் சிவில் மாணவர்கள் சர்வே கேம்ப் போகிறார்கள். சங்கிலிக்குப் பதில் டோட்டல் ஸ்டேஷன். ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு தூரத்தைச் சொல்லும் கருவி. அதிலும் அளப்பதற்கு முன் அன்றைய வெப்பநிலையைப் பதிய வேண்டும். காற்று சூடானால் ஒளியின் வேகம் இம்மியளவு மாறிவிடும்.