மீதி 97.5 சதவீதத்துக்கும் கணக்கு உண்டு

ரமலான் நெருங்கினாலே என் போன்ற கணக்காளர்களுக்கு ஜகாத் (செல்வத்திலிருந்து கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கு) சீசன் தொடங்கிவிடும். வருடம் முழுக்க வரிக் கணக்குக்காக வருகிறவர்கள் அப்போது வேறொரு ஃபைலோடு வருவார்கள். தங்கம் எத்தனை கிராம், வங்கியில் எவ்வளவு, கடையில் சரக்கு எவ்வளவு, வெளியே வரவேண்டியது எவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டி, நிஸாபை (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவை) தாண்டுகிறதா என்று பார்த்து, 2.5 சதவீதம் போட்டுக் கொடுத்தால் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். "அப்பாடா, ஜகாத் முடிஞ்சது பாய். இனி மீதியெல்லாம் நம்ம காசு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிறவர்கள் நிறைய.

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குத் தகராறு.

மறுமையில் நான்கு விஷயங்களைப் பற்றிக் கேட்கப்படாமல் மனிதனின் பாதங்கள் நகராது என்று திர்மிதி தொகுப்பில் ஒரு ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது: ஆயுள், அறிவு, உடல், செல்வம். மற்ற மூன்றுக்கும் ஒவ்வொரு கேள்வி. செல்வத்துக்கு மட்டும் இரண்டு: எங்கிருந்து சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய்? கணக்கு எழுதுகிறவனுக்கு இது சட்டென்று புரியும். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். ஜகாத் அந்தச் செலவுப் பக்கத்தில் முக்கியமான ஒரு பதிவு. ஆனால் அது மட்டுமே அந்தப் பக்கம் அல்ல.

அல்லாஹ் உங்களை எதற்குப் பிரதிநிதிகளாக ஆக்கினானோ அதிலிருந்து செலவிடுங்கள் என்ற கருத்தில் குர்ஆனின் அல்ஹதீத் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் பேசுகிறது. பணம் நம் கையில் அமானிதம், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். சொந்தக்காரர் தன் செலவுக்கு யாருக்கும் பில் காட்ட வேண்டியதில்லை. டிரஸ்டி அப்படி இல்லை, ஒவ்வொரு பதிவுக்கும் ரசீது வைத்திருக்க வேண்டும். முஸ்லிமின் மொத்தச் சொத்தும் இந்த இரண்டாவது வகைக் கணக்கில்தான் வருகிறது.

ஜகாத்தையும் வீண்விரயத்தையும் குர்ஆனே ஒரே இடத்தில் வைத்துப் பேசுகிறது. அல்அன்ஆம் 141இல், அறுவடை நாளிலேயே விளைச்சலுக்குரிய கடமையைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி, அதே வசனத்தில் விரயம் செய்யாதீர்கள் என்றும் முடிகிறது. நாம் முதல் பாதியைச் செய்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

இந்த விகிதங்களையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். புதையலுக்கு 20 சதவீதம். மழையிலும் ஊற்றிலும் தானாக விளைந்ததற்கு 10. நீர் இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததற்கு 5. பணத்துக்கும் வியாபாரச் சரக்குக்கும் 2.5. மனிதனின் உழைப்பு கூடக் கூட, கொடுக்க வேண்டிய பங்கு குறைகிறது. மழைக்கு யாரும் பில் போடுவதில்லை. ஆனால் அந்த மழையில் விளைவித்தவனிடம் இரண்டு மடங்கு கேட்கப்படுகிறது. இயற்கை கொடுத்த பங்கை 'செலவில்லாமல் வந்தது' என்று கணக்கிலிருந்து விட்டுவிடாத ஓர் ஏற்பாடு இது. நவீன கணக்கியல் இந்த விஷயத்தில் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறது என்பது என் தனிப்பட்ட கருத்து.

சரி, நகைக்கு வருவோம். ஒவ்வொரு வருடமும் அதிக வாக்குவாதம் இதில்தான். பெண்கள் அணியும் தங்கத்துக்கு ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) ஜகாத் உண்டு. ஷாஃபி மத்ஹபில் அணிவதற்கென வைத்திருக்கும் ஆகுமான (அனுமதிக்கப்பட்ட) நகைக்கு இல்லை. "நாங்க ஷாஃபி" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிடுகிறார்கள். ஆனால் அதே ஷாஃபி சட்ட நூல்களில் இன்னொரு வரியும் உண்டு. விரயம் என்று சொல்லும் அளவுக்கு மிதமிஞ்சிப் போனால் அந்தச் சலுகை போய்விடும். அவர்கள் காட்டும் உதாரணம் 200 தீனார் எடையுள்ள கால் தண்டை. ஒரு தீனார் 4.25 கிராம் என்று வைத்தால் 850 கிராம் தங்கம்! விரயம் என்பது ஏதோ ஒழுக்க உபதேசம் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடத்தைக் காட்டுவேன். அது சட்டத்தையே மாற்றுகிறது.

(இடையில் ஒரு சின்ன விஷயம். ஜகாத்துக்குச் சந்திர வருடம்தான் கணக்கு. ஆங்கிலத் தேதியை வைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தால் வருடத்துக்குச் சுமார் 11 நாள் தள்ளிப்போகும். 33 வருடத்தில் ஒரு முழு ஜகாத் விடுபட்டுவிடும். வியாபாரக் கணக்கை மாற்ற முடியாதவர்கள் 2.577 சதவீதமாகப் போடுங்கள்.)

பள்ளிவாசல்களின் கணக்கு பார்க்கும்போது என் கண் முதலில் போவது மின்சாரம், மோட்டார் ரிப்பேர், தண்ணீர் லாரி ஆகிய மூன்று இடங்களுக்கு. வசூலில் நல்ல பங்கு அங்கேதான் கரைகிறது. ஒரு பள்ளிவாசலில் நிர்வாகிகளை அழைத்து, ஒளு (தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவுவது) செய்யும் இடத்தில் ஒரு குழாயின் கீழே வாளியை வைக்கச் சொன்னேன். வந்தவர் குழாயை முழுசாகத் திறந்தார். சட்டைக் கையை மடித்தார், பக்கத்தில் இருந்தவருக்கு ஸலாம் சொன்னார், வாய் கொப்பளித்தார், முகம் கழுவினார், ஈரக் கையால் தலையைத் தடவி மஸஹ் செய்தார், கால் கழுவினார். அதுவரை குழாய் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் சாதாரணக் குழாய்தான். அவர் எழுந்தபோது வாளியில் அதற்குக் குறையாமல் இருந்தது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளு செய்தார்கள், ஒரு ஸாவிலிருந்து (நான்கு முத்து) ஐந்து முத்து வரையான நீரில் குளித்தார்கள் என்று நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. ஒரு முத்து என்பது நடுத்தர ஆளின் இரண்டு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு, ஏறக்குறைய முக்கால் லிட்டர். அதாவது நம் ஒரு ஒளுவின் தண்ணீரில் அவர்கள் ஒரு முழுக் குளிப்பை முடித்திருப்பார்கள், மிச்சமும் இருந்திருக்கும். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் விரயம் கூடாது என்று ஸஅத் (ரலி) அவர்களிடம் சொன்னதாக வரும் ஹதீஸைத்தான் மேடைகளில் அதிகம் சொல்வார்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. அதை வைத்து யாரும் தப்பிக்க வேண்டாம், முத்துக் கணக்கு உறுதியானது.

அப்புறம், சட்ட நூல்களில் ஒரு நுணுக்கம் உண்டு. உறுப்புகளை மூன்று தடவைக்கு மேல் கழுவுவது சொந்தத் தண்ணீரில் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). ஒளு செய்பவர்களுக்கென்று வக்ஃபு (நிரந்தர அறக்கொடை) செய்யப்பட்ட தண்ணீரில் அதுவே ஹராம் (தடுக்கப்பட்டது). பள்ளிவாசல் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைத் தண்ணீர். வீட்டில் பார்த்துப் பார்த்துக் குழாயை மூடுகிறவர் பள்ளிவாசலில் தாராளமாக விடுகிறார். சட்டம் சொல்வது நேர் எதிர்.

வக்ஃபு என்று சொன்னதும் இன்னொரு கவலை. உமர் (ரலி) கைபரில் கிடைத்த நிலத்தைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து அதன் பலனை தர்மம் செய்யுங்கள் என்று நபி (ஸல்) சொன்னார்கள். விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்குப் போகாது. நிர்வகிப்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம், சொத்து சேர்க்கக் கூடாது. ஆனால் நான் பார்த்த வக்ஃபு கணக்குகளில் பெரிய கோளாறு திருட்டு அல்ல, நல்லெண்ணம். வாடகை மொத்தத்தையும் அந்தந்த வருடமே ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பராமரிப்புக்கு ஒரு காசு ஒதுக்குவதில்லை. மொட்டை மாடியில் ஒழுகத் தொடங்கி, கம்பி துருப்பிடித்து, வாடகைக்கு இருப்பவர் காலி செய்து, கடைசியில் ஏழைக்கும் ஒன்றும் இல்லை. வக்ஃபு செய்தவர் சொல்லியிருந்தாலும் இல்லாவிட்டாலும், வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தின் பராமரிப்புதான் என்று ஹனஃபி அறிஞர்கள் என்றைக்கோ எழுதிவைத்துவிட்டார்கள். முத்தவல்லிகள் (வக்ஃபு நிர்வாகிகள்) இதைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டால் நல்லது.

பின்னர் கலீஃபாவாக ஆட்சி செய்தபோது, நிலம், புல், தண்ணீர் விஷயத்தில் உமர் (ரலி) இன்னும் கண்டிப்பு. பிலால் இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு அகீக் பகுதியில் நபி (ஸல்) அவர்களே கொடுத்த பரந்த நிலம் இருந்தது. அவரால் முழுவதையும் பயிரிட முடியவில்லை. உன்னால் முடிந்ததை வைத்துக்கொள், மற்றதைத் திருப்பிக் கொடு என்று உமர் வாங்கி மற்றவர்களுக்குப் பங்கிட்டார். அரசு மேய்ச்சல் காட்டுக்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக்கியபோது சொன்னது இன்னும் சுவையானது. கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகிய செல்வந்தர்களின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இரு. அவர்களுடைய கால்நடை செத்தால் பேரீச்சந்தோட்டமும் வயலும் இருக்கிறது. ஏழையின் கால்நடை செத்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலுக்கு வருவான். புல்லும் தண்ணீரும் கொடுப்பது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட எனக்கு எளிது.

இயற்கை வளத்தைக் காப்பதும் கருவூலத்தைக் காப்பதும் ஒரே கணக்கு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவரை நான் பார்க்கவில்லை.

அதனால் இப்போதெல்லாம் ஜகாத் தாளோடு இன்னொரு தாளும் கேட்கிறேன். ஜகாத் விதியாகாத, ஆனால் சும்மா கிடக்கும் சொத்துகளின் பட்டியல்: தரிசாகப் போட்ட நிலம், பூட்டியே கிடக்கும் வீடு, ஓடாத வண்டி, யாரும் இறைக்காத கிணறு. "இதுக்கும் ஜகாத் உண்டா பாய்?" என்று பதறுகிறார்கள். விற்கும் நோக்கத்தில் வாங்காத நிலத்துக்கும் வீட்டுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, பட்டியலை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கிறேன். ஒருவர் போன வாரம் வந்தார், நிலத்தைப் பக்கத்து விவசாயிக்குக் குத்தகை இல்லாமல் உழக் கொடுத்தால் கணக்கில் எங்கே எழுதுவது என்று கேட்டார். ஸதகா (தர்மம்) பத்தியில் எழுதச் சொன்னேன்.