சைலன்சருக்குள் திரும்பி வரும் அலை

கடலூர் கேப்பர் மலையின் முந்திரித் தோப்புகளுக்கு இடையே ஓடும் செம்மண் தடத்தில், பட்டன் டயர் மாட்டி, மட்கார்டை உயர்த்தி, தேவையற்ற தகரத்தையெல்லாம் கழற்றிய பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கான ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 ஏறி வரும்போது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே அதன் இன்ஜினுக்குள் நடப்பதைப் பின்தொடர முடியும். முதலில் விட்டுவிட்டு, அரைமனதாக வெடிப்பதுபோல் ஓர் ஒலி எழுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க அது மெல்ல உயர்கிறது. பிறகு குறிப்பிட்ட ஒரு வேகத்தில் தடுமாற்றம் முழுவதும் நீங்கி ஒலி தெளிந்துவிடுகிறது. அதே நொடியில் பின்சக்கரம் மண்ணை வாரி இறைக்க, வண்டி ஓட்டுபவரின் கைகளை இழுத்துக்கொண்டு பாய்கிறது. இந்தத் திடீர்ப் பாய்ச்சலுக்காகவே பலர் இன்றும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளைத் தேடி வாங்கி, பிரித்து, மறுபடி பூட்டி ஓட்டுகிறார்கள். ஆற்றல் சீராக ஏறாமல் ஏன் இப்படி ஓரிடத்தில் கூடி நிற்கிறது என்று கேட்டால், பதிலின் பெரும்பகுதி சிலிண்டரில் இல்லை, சைலன்சரில் இருக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் நான்கு முறை ஓடினால்தான், அதாவது பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான், ஒருமுறை எரிபொருள் எரிகிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிகிறது. இந்தச் சுழற்சியை முதலில் செய்து காட்டியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டுகால்டு கிளார்க். 1881-ல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவருடைய இன்ஜினுக்குக் கலவையை உள்ளே தள்ளத் தனியாக ஒரு பம்ப் சிலிண்டர் தேவைப்பட்டது. அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தின் ஜோசப் டே, பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸையே பம்பாகப் பயன்படுத்தலாம் என்று கண்டார். பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கிராங்க் கேஸுக்குள் வருகிறது. பிஸ்டன் இறங்கும்போது அக்கலவை அழுத்தப்பட்டு, டிரான்ஸ்ஃபர் போர்ட் எனப்படும் பக்கத் துளைகளின் வழியே சிலிண்டருக்குள் ஏறுகிறது. கேம் இல்லை, வால்வு இல்லை, டைமிங் செயின் இல்லை. பிஸ்டனின் பக்கச்சுவரே துளைகளைத் திறந்து மூடும் கதவாக வேலை செய்கிறது. இத்தனை சிக்கனமாக இத்தனை வேலையைச் செய்யும் வேறோர் இன்ஜினை நான் அறியேன்.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. பிஸ்டன் இறங்கும்போது முதலில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கிறது, சற்றுத் தாழ்ந்தபின் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறக்கிறது. ஏறும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கிறது: புதிய கலவை வரும் வழி முதலில் அடைபடுகிறது, புகை போகும் வழி அதன் பின்னும் கொஞ்ச நேரம் திறந்தே கிடக்கிறது. எரியாத புதிய கலவையில் ஒரு பகுதி அந்த இடைவெளியில் புகையோடு புகையாக வெளியே ஓடிவிடும். 1920-களில் ஜெர்மானியப் பொறியாளர் அடால்ஃப் ஷ்னூர்லே, டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளைச் சாய்த்து அமைத்து, உள்ளே வரும் கலவை எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு எதிர்ச்சுவரில் மோதி மேலெழுந்து ஒரு வளையமாகச் சுழலும்படி செய்தார். இழப்பு குறைந்தது, ஆனால் தீரவில்லை. அந்தத் திறந்த வாசலுக்குக் கதவு வைக்க இயலாத நிலையில், சரியான கணத்தில் வெளியிலிருந்து யாராவது கலவையை உள்ளே திருப்பித் தள்ளினால் போதும். அந்த வேலையைத்தான் நடுவில் வயிறு பெருத்து இரு முனையும் குறுகிய, டர்ட் பைக்குகளில் நாம் காணும் விநோதமான அந்தக் குழாய் செய்கிறது. அதற்கு எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று பெயர்.

அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள, மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் குறுகிய வழியில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால், அந்தத் தள்ளல் ஆளுக்கு ஆள் கைமாறி முன்னே ஓடுகிறது. யாரும் இரண்டடிக்கு மேல் நகர்வதில்லை. வழி முடிந்து மணல்வெளி விரியும் இடத்தை அது எட்டியதும், அங்கு நிற்பவர்கள் தடையின்றி முன்னே சரிய, அவர்களுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதை நிரப்ப அடுத்தவர் நகர, அவருக்குப் பின்னால் இன்னொரு வெற்றிடம். இவ்வாறு தள்ளலுக்குப் பதிலாக ஓர் இழுப்பு வந்த வழியே பின்னோக்கி ஓடுகிறது. மாறாக வழியின் முனையில் தடுப்புக்கட்டை இருந்தால், முன்னால் நிற்பவர் அதில் மோதிப் பின்வாங்க, தள்ளல் தள்ளலாகவே திரும்பி வருகிறது. காற்றில் செல்லும் அழுத்த அலைக்கும் இதுவே விதி. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பும். குறுகும் இடத்தில் அழுத்தும் அலையாகவே திரும்பும்.

எக்ஸாஸ்ட் போர்ட் திறந்த கணத்தில் ஒரு வலிய அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. குழாய் விரியத் தொடங்கும் கூம்பில் அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி, சிலிண்டரில் மிஞ்சிய புகையை இழுத்துக்கொள்வதுடன், டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியே புதிய கலவையையும் வேகமாக மேலே இழுக்கிறது. கொஞ்சம் கலவை எக்ஸாஸ்ட் குழாயின் கழுத்துவரை வழிந்தும் விடுகிறது. இதற்குள் எஞ்சிய அலை, குறுகும் கூம்பில் மோதி அழுத்தும் அலையாகத் திரும்புகிறது. பிஸ்டன் எக்ஸாஸ்ட் போர்ட்டை மூடப்போகும் தறுவாயில் அது வந்து சேர்ந்தால், வழிந்த கலவையையெல்லாம் மீண்டும் சிலிண்டருக்குள் திணித்துவிடும்.

இந்த நேரக்கணக்கு மிகக் கறாரானது. கிராங்கின் 360 பாகைச் சுற்றில் 190 பாகை அளவுக்கு எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கும் ஓர் இன்ஜின், நிமிடத்துக்கு 8,000 சுற்று ஓடுகிறது என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 7.5 மில்லி விநாடி. எனவே போர்ட் திறந்திருப்பது ஏறத்தாழ 4 மில்லி விநாடி. குழாயில் உள்ள புகை சுமார் 350 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால், அதில் ஒலியின் வேகம் விநாடிக்கு 500 மீட்டர் அளவில் இருக்கும். 4 மில்லி விநாடியில் அலை 2 மீட்டர் ஓடும், அதாவது போக 1 மீட்டர், வர 1 மீட்டர். ஆகவே அலை திருப்பும் கூம்பு ஏறக்குறைய 1 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். இதே குழாயோடு இன்ஜின் 4,000 சுற்றில் ஓடினால் போர்ட் 8 மில்லி விநாடி திறந்திருக்கும். அலையோ பழையபடி 4 மில்லி விநாடியிலேயே திரும்பி, பிஸ்டன் அடிமட்டத்தில் நிற்கும் நேரத்தில் வந்து சேர்ந்து, உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் புதிய கலவைக்கு எதிராகத் தள்ளும். குறைந்த வேகத்தில் கேட்கும் அரைமனதான வெடிப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். அலையும் பிஸ்டனும் ஒத்துப்போகும் வேக வரம்பைத்தான் பவர் பேண்ட் என்கிறோம். செம்மண் தடத்தில் கேட்ட அந்த ஒலித் தெளிவு, இவ்விரண்டும் சேர்ந்துகொண்டதன் அடையாளம்.

இதைத் தந்திரம் என்ற நிலையிலிருந்து அறிவியலாக உயர்த்தியவர்களுள் முதன்மையானவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தின் பந்தயக் குழுவை நடத்திய வால்டர் காடன். 1950-களில் குழாய்க்குள் நிகழும் அதிர்வுகளை அதிர்வைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் கருவியில் கண்டு, கூம்புகளின் நீளத்தையும் சரிவையும் திருத்திக்கொண்டே போனார். 1961-ல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறனைத் தந்தது. ஒரு லிட்டர் கொள்ளளவுக்குக் கணக்கிட்டால் 200 குதிரைத்திறன். அதே ஆண்டு சுவீடன் பந்தயத்தின்போது அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டு வெளியேறி, கற்ற வித்தையோடு சுசூகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சிசி பிரிவில் உலகப் பட்டம் வென்றார். காடனுக்கு அவருடைய வாழ்நாளில் கிடைத்திருக்க வேண்டிய புகழில் பெரும்பங்கு இவ்வாறு கைமாறிப் போனது என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையாகவே இருக்கிறது.

மண் தடத்தில் ஓட்டுபவர்களை இந்த இன்ஜின் கட்டிப்போடுவதற்கு, பாய்ச்சலோடு எடையும் காரணம். வால்வும் கேமும் இல்லாத தலைப்பகுதி இலேசானது. மண் தடத்தில் நடக்கும் மோட்டோகிராஸ் பந்தயத்தின் விதிகளில் நெடுங்காலமாக 125 சிசி டூ ஸ்ட்ரோக்கை 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு நிகராக வைத்தார்கள் என்பதிலிருந்தே அதன் வலிமை விளங்கும். ஆனால் மணலில் பவர் பேண்டுக்குக் கீழே வேகம் விழுந்தால் சக்கரம் புதையும். அதனால் தேர்ந்த ஓட்டுநர் கிளட்சை ஒரு விரலால் தட்டித் தட்டி இன்ஜினை அந்த வரம்புக்குள்ளேயே வைத்திருப்பார். 1970-களின் இறுதியில் யமஹா கொண்டுவந்த பவர் வால்வு இந்தச் சிரமத்தைக் குறைத்தது: குறைந்த வேகத்தில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் உயரத்தைத் தாழ்த்தி, வேகம் கூடும்போது உயர்த்தி, பவர் பேண்டை அகலப்படுத்துகிறது.

சொந்தக் கையால் கட்டுபவருக்கோ இது திறந்த புத்தகம். ஆர்எக்ஸ் 100-ன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் 50 மில்லிமீட்டர். சிலிண்டரின் கொள்ளளவைக் கணக்கிட்டால் 98 சிசி. கீழ்ப்பகுதி நன்றாக இருந்தால், ஹெட்டைத் திறந்து பிஸ்டனும் ரிங்கும் மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் கொடுத்து 0.25 மில்லிமீட்டர் போர் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போடலாம். இரண்டு செய்திகளை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, ஏர் ஃபில்டர். இந்த இன்ஜின் மூச்சு விடுவதே கிராங்க் கேஸ் வழியாக என்பதால், கேப்பர் மலையின் செம்புழுதி உள்ளே நுழைந்தால் பிஸ்டனை மட்டும் தேய்க்காமல் கிராங்க் பேரிங்கையும் தின்றுவிடும். இரண்டாவது, ஆயில். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலைக் கலப்பவர்கள், நாற்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 25 மில்லி என்று அளந்து ஊற்ற வேண்டும். பயத்தில் கூடுதலாக ஊற்றினால், கார்புரேட்டரின் நுண்துளையான ஜெட் வழியே போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு குறைந்து, காற்றுக்கு ஏற்ற எரிபொருள் கிடைக்காமல் இன்ஜின் சூடேறும்.

சாலைகளிலிருந்து இவ்வண்டிகள் மறைந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. அலை ஒத்துழைக்காத வேகங்களில் எரியாத பெட்ரோல் கால் பங்கு வரைகூட வெளியேறும். எரிந்த ஆயிலின் நீலப்புகையையும் நாம்தான் சுவாசித்தோம். சைலன்சரை மாற்றிய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு எதிரானது, அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை. அனுமதி பெற்ற தோப்பும் தனித்தடமுமே இவற்றுக்குரிய இடம். கேடிஎம் நிறுவனம் 2017-ல் அறிவித்த, கரடுமுரடான நெடுந்தடங்களுக்கான எண்டூரோ வண்டிகளில் பெட்ரோலை டிரான்ஸ்ஃபர் போர்ட்டிலேயே பீய்ச்சும் முறை வந்தபின், வெளியேறும் இழப்பும் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

கடலூர் முதுநகரில் ஒரு பட்டறைக்காரர் தகட்டைக் கூம்பாக வளைத்துத் துண்டு துண்டாக வெல்டிங் செய்து இந்தக் குழாய்களை உருவாக்குவதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்து வந்தவர், பிக்கப் இன்னும் கொஞ்சம் மேலே வர வேண்டும் என்றார். பட்டறைக்காரர் கணக்கு எதுவும் எழுதாமல், குழாயின் கழுத்தில் 2 சென்டிமீட்டர் அறுத்து மறுபடி ஒட்டினார். 1 மீட்டரில் 2 சென்டிமீட்டர் என்பது நூற்றுக்கு இரண்டு. பவர் பேண்டின் உச்சம் 8,000-லிருந்து சுமார் 160 சுற்று மேலே நகர்ந்திருக்க வேண்டும். வண்டி மறுபடி செம்மண் மேட்டில் ஏறியபோது, ஒலி தெளியும் இடம் முன்பைவிட ஓர் இழை தள்ளி வந்தது.