எண்ணெய் கறுத்தால் கெட்டுவிட்டதா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எஞ்சின் எண்ணெய் மாற்றி 2,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அளவுக்குச்சியை இழுத்தால் கன்னங்கரேல் என்றிருக்கிறது. பட்டறையில் உடனே மாற்றச் சொல்கிறார்கள். கையேட்டில் 10,000 என்றிருக்கிறதே?"

எந்த எண்ணெய் என்பதை முதலில் முடித்துவிடுவோம். 5டபிள்யூ-30 என்பதில் முன்னால் உள்ள எண் குளிருக்கானது. 5 என்றால் மைனஸ் 30 டிகிரியில் சோதித்தது. கோலாலம்பூருக்கு அது பெரிய விஷயமில்லை. பின்னால் உள்ள 30, 100 டிகிரியில் எண்ணெயின் பாகுத்தன்மையைச் சொல்வது. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியாக ஊற்ற வேண்டும் என்பார்கள். எந்த ஊரில் ஓடினாலும் சூடேறிய எஞ்சினுக்குள் எண்ணெய் ஏறக்குறைய 100 டிகிரிதான். கையேட்டில் போட்டிருக்கும் எண் கொண்ட எண்ணெயையே வாங்குங்கள். கப்சாய் என்னும் சிறிய மோட்டார்சைக்கிளுக்கு மட்டும் ஜாசோ எம்ஏ என்ற தர முத்திரை பாருங்கள். அதன் கிளட்ச்சும் அதே எண்ணெயில் நனைகிறது.

சரி, கறுப்புக்கு வருவோம். எரிபொருள் எரியும்போது கரியும் பிசினும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் இறங்குகின்றன. ஃபில்டரில் சிக்காத அளவுக்குப் பொடித் துகள்கள். அப்படியே விட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, சேறாகி, எண்ணெய் போகும் துளைகளை அடைத்துவிடும். அதைத் தடுக்க ஒரு மூலக்கூறைக் கலந்திருக்கிறார்கள். அதன் தலையில் நைட்ரஜன். அது கரியைக் கவ்விக்கொள்ளும். நீண்ட வாலோ எண்ணெயில் கரைந்து நிற்கும். ஒரு துகளைச் சுற்றி இப்படிப் பல மூலக்கூறுகள் தலையை உள்ளே, வாலை வெளியே நீட்டி நின்றால் அது ரம்புத்தான் பழம்தான்! இரண்டு ரம்புத்தான் நெருங்கினாலும் முடியோடு முடிதான் முட்டும், பழம் ஒட்டாது. எஞ்சின் எண்ணெயை மலாயில் மினியாக் ஹீத்தாம், கறுப்பு எண்ணெய் என்று நாம் சொல்வது எவ்வளவு பொருத்தம்! கரி எஞ்சினில் படியாமல் எண்ணெயில் மிதப்பதால்தான் கறுக்கிறது.

எல்லா மூலக்கூறுக்கும் வேலை வந்துவிட்டால் அடுத்த கரியைப் பிடிக்க ஆளில்லை. அதையும் கண்ணால் பார்க்கலாம். காப்பி வடிகட்டும் தாளில் என் வண்டி எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ராத்திரி முழுக்க வைத்தேன். கறை ஓரம் வரை பரவி, சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. தம்பி வண்டிச் சொட்டில் நடுவே மைப்பொட்டு போல ஒரு கறுப்பு, சுற்றிலும் வெறும் எண்ணெய்க்கறை. கரி நகரவே இல்லை. இத்தனைக்கும் அவன் ஓட்டியது 4,000 கிலோமீட்டர்தான். ஆனால் 11 மாதமாக, வீட்டிலிருந்து எல்ஆர்டி ரயில் நிலையம் வரை மட்டும். தமிழ்ப்பள்ளிகளில் இதைச் செய்து காட்ட வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். செலவு ஒரு தாள்.

குறுகிய ஓட்டத்தில் என்ன கெடுதல்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும். கொஞ்சம் எண்ணெயில் சேரும். தீபாவளிக்குப் பினாங்கு வரை ஓட்டினால் எண்ணெய் நன்றாகச் சூடேறி அது ஆவியாகிவிடும். பத்து நிமிட ஓட்டத்தில் அங்கேயே தங்கி, அமிலத்தோடு சேர்ந்து சேறு கட்டும்.

செந்தூல் அன்பரே, கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கிறதா பாருங்கள். நெரிசலிலும் குறுகிய தூரத்திலும்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் உங்கள் கணக்கு அதில்தான். கிலோமீட்டர், மாதம் இரண்டும் போட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள்.